காதணி விழா ஃப்ளெக்ஸுக்கு கோர் அல்ட்ரா வேண்டுமா?

உசிலம்பட்டியில் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்து பிழைப்பவன் நான். காதணி விழா, சடங்கு, கல்யாணம், கோயில் பொங்கல், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் ஃபோட்டோஷாப்பில் டிசைன் போட்டு மதுரைக்கு அனுப்பிவிடுவேன். அங்கே பிரிண்ட் ஆகி, சுருட்டிக் கட்டி, பஸ்ஸில் வந்து இறங்கும்.

இத்தனை நாள் ஓட்டியது இன்டெலின் ஐ5-7200யூ ப்ராசஸர் போட்ட லேப்டாப். 2016இல் வந்த ஏழாம் தலைமுறை சிப், மொத்தமே இரண்டு கோர், அதாவது கணக்குப் போடும் மூளை இரண்டு. வேகம் போதவில்லை என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கோ வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வர 2025 அக்டோபர் 14தான் கடைசித் தேதி என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. வாடிக்கையாளர் படங்கள், ஜிபே, பேங்க் கணக்கு எல்லாம் அதே மெஷினில் திறக்கிறேன். சரி, மாற்றிவிடுவோம் என்று ஆடித் தள்ளுபடி நேரத்தில் மதுரைக்குக் கிளம்பினேன்.

டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை. பெயர் வேண்டாம். ஒரே கம்பெனியின் லேப்டாப் மூன்றை எடுத்து வைத்தார்கள், மூன்றிலும் இன்டெல் ப்ராசஸர். முதலாவது ஐ5-1335யூ, 8 ஜிபி ரேம், 51,500 ரூபாய். இரண்டாவது கோர் 5 120யூ, அதே 8 ஜிபி, 57,000. மூன்றாவது கோர் அல்ட்ரா 5 125ஹெச், 16 ஜிபி, 74,000. மூன்றிலும் 512 ஜிபி எஸ்எஸ்டி. "அண்ணே, எடுத்தா அல்ட்ரா எடுங்க. அடுத்த அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார் கடைத் தம்பி. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் 22,500 வித்தியாசம். எங்கள் ஊர்க் கடை வாடகையில் அது சில மாதம்.

முதலில் நடுவில் இருந்ததைக் கழித்துவிட்டேன், அதற்குக் காரணம் எளிது. இன்டெல் 2023இல் பெயரில் இருந்த 'ஐ' எழுத்தை எடுத்துவிட்டது. அதன் பிறகு வந்த கோர் 5 120யூ என்ற பெயரைப் பார்த்தால் புத்தம் புதிய ஜாதி என்று தோன்றும். உள்ளே பார்த்தால் வேகமான பெரிய கோர் 2, சிக்கனமான சின்ன கோர் 8, மொத்தம் 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை), 12 எம்பி கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் மெமரி), அடிப்படை மின்சக்தி 15 வாட். 1335யூவிலும் இதே கணக்குதான். அதற்கு முந்தைய 1235யூவிலும் இதேதான். உச்ச வேகம் மட்டும் 4.4, அப்புறம் 4.6, அப்புறம் 5 கிகாஹெர்ட்ஸ் என்று ஏறி வந்திருக்கிறது. 4.6க்கும் 5க்கும் இடையில் 9 சதவீதம்கூட இல்லை. அந்த உச்சமும் எப்போதும் நிற்பதில்லை, ஓரிரு கோர் மட்டும் கொஞ்ச நேரம் முழு மூச்சில் ஓடும்போது தொடுகிற எண். அதற்கு 5,500 ரூபாய் கேட்டால் எப்படி? பழைய ஸ்டாக்கில் 1235யூ இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன். இருந்திருந்தால் விலை பேசி அதையே எடுத்திருப்பேன்.

அல்ட்ரா விஷயம் அப்படியல்ல. அது நிஜமாகவே வேறு சிப். 125ஹெச்சில் பெரிய கோர் 4, சின்ன கோர் 8, மின்சாரம் சேமிக்கவென்றே இன்னும் இரண்டு குட்டி கோர், ஆக 14 கோர், 18 த்ரெட். கிராஃபிக்ஸ் ஆர்க் வகை. பெயர் முடிவில் யூ இருந்தால் சிக்கன ரகம், ஹெச் இருந்தால் உழைக்கிற ரகம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஹெச்சின் அடிப்படை 28 வாட், முழுவீச்சில் 115 வாட் வரை போக இன்டெல் அனுமதிக்கிறது. ஆகவே எது வேகம் என்று நான் கேட்கவில்லை, அதில் சந்தேகமே இல்லை. என் வேலை எந்த இடத்தில் நின்று நின்று போகிறது, அந்த இடத்தில் இந்த வேகம் உதவுமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

என் வேலையைச் சொன்னால்தான் இது புரியும். எங்கள் பக்கம் காதணி விழா ஃப்ளெக்ஸ் என்றால் குழந்தை படம் மட்டும் போட்டு முடிக்க முடியாது. தாய்மாமன்மார் ஆளுயரத்தில், பங்காளிகள் இடுப்பளவில், மற்ற முறைக்காரர்கள் வட்டத்துக்குள் முகமாக என்று வரிசை கட்டி நிற்பார்கள். ஒரு முகம் விட்டுப்போனால் சீர் வண்டி பாதி வழியில் நிற்கும். இத்தனை முகத்தையும் வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்திலிருந்து வெட்டி எடுக்க வேண்டும்.

20க்கு 10 அடி ஃப்ளெக்ஸை அங்குலத்துக்கு 72 புள்ளி என்று வைத்தால் அகலம் 17,280 பிக்சல், உயரம் 8,640. பெருக்கினால் கிட்டத்தட்ட 15 கோடி. பிரிண்டுக்கான நான்கு மை நிறக் கணக்கு (சிஎம்ஒய்கே) என்பதால் ஒரு பிக்சலுக்கு நான்கு பைட். முழு அளவில் ஒரே ஒரு லேயர் போட்டாலே ஏறக்குறைய 600 எம்பி. பின்னணி ஒன்று, அதன் மேல் ஒளி, அதன் மேல் பூ, அதன் மேல் திரைச்சீலை என்று நான்கைந்து முழு லேயர் வந்துவிடும். முகங்கள் அவ்வளவு இடம் பிடிப்பதில்லை, அந்தந்த அளவுக்குத்தான். சேமிக்கும்போது 2 ஜிபியைத் தாண்டினால் ஃபோட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி வடிவம் ஏற்காது, பெரிய ஃபைலுக்கான பிஎஸ்பி வடிவத்துக்குப் போக வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த எச்சரிக்கைப் பெட்டி நன்றாகப் பழக்கம்.

ரேமில் இடம் தீர்ந்தால் ஃபோட்டோஷாப் ஸ்கிராட்ச் டிஸ்க் என்று எஸ்எஸ்டியில் எழுத ஆரம்பிக்கும். எவ்வளவு நல்ல எஸ்எஸ்டியும் ரேம் ஆகாது. மவுஸை இழுத்தால் முகம் அரை நொடி கழித்து வருவது, ஜூம் செய்தால் கட்டம் கட்டமாகத் தெளிவது எல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பென் டிரைவில் ஒரு பெரிய ஃபைலைக் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் கொஞ்சம் முனகினார். ஆனாலும் டெமோ மெஷின் இரண்டிலும் என் அடோப் கணக்கில் நுழைந்து ஃபோட்டோஷாப் இறக்க விட்டார். கடை வைஃபையில் அது இறங்கி முடிப்பதற்குள் எதிர்க்கடையில் டீயும் வடையும் முடிந்தது. இப்படிச் சோதிக்க விடுகிற கடை மதுரையில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அடுத்த முறையும் அங்கேதான் போவேன்.

முதல் ஓட்டத்தில் அல்ட்ரா தூள் கிளப்பியது. ஃபைல் சட்டென்று திறந்தது. 1335யூ ஒரு நிமிஷத்துக்கு மேல் முக்கிக்கொண்டிருந்தது, தூரிகையும் இழுத்த இடத்தில் வராமல் பின்னால் வந்தது. "பார்த்தீங்களாண்ணே" என்றார் தம்பி. நான் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். 1335யூவில் ப்ராசஸர் பாதிகூட ஏறவில்லை. மெமரி மட்டும் முட்டிக்கொண்டு நின்றது, டிஸ்க் விடாமல் ஓடியது. 8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் பந்தயம் வைத்துவிட்டு ப்ராசஸர் ஜெயித்தது என்று சொன்னால் எப்படி?

"தம்பி, இதுல இன்னொரு 8 ஜிபி மாட்டிக் காட்டுங்க" என்றேன். சர்வீஸ் பார்க்கிறவர் வந்து பின்மூடியைக் கழற்றினார். காலி ஸ்லாட் ஒன்று இருந்தது. டிடிஆர்4 ரேம் ஒன்றை மாட்டி மறுபடி ஓட்டினோம். இப்போது திறப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முகங்களை நகர்த்துவதிலும் இல்லை. சேமிப்பதில் சில நொடி முன்னே பின்னே.

அல்ட்ரா தெளிவாக முந்தியது ஒரே இடத்தில். சாமி படத்துக்குப் பின்னால் ஒளிக்கதிர் விடுவதற்கு ரேடியல் ப்ளர் போடுவோம். அது எல்லாக் கோரையும் வேலை வாங்குகிற ஃபில்டர். முழு அளவில் போட்டபோது 1335யூ எடுத்த நேரத்தில் பாதியைவிடச் சற்று அதிகமான நேரத்திலேயே 125ஹெச் முடித்துவிட்டது. நல்ல வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஃபில்டரை ஒரு ஃப்ளெக்ஸுக்கு ஒரு தடவை போட்டால் அதிகம். இப்படி மிச்சமாகிற நொடிகளையெல்லாம் கூட்டினாலும் "அண்ணே, எங்க சித்தப்பா படத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்க" என்று ராத்திரி வருகிற ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜில் மொத்தமும் போய்விடும்.

ரேம் மாட்டியதில் இன்னொரு லாபமும் வந்தது. ஒற்றை ரேம் இருந்தபோது டிவைஸ் மேனேஜரில் கிராஃபிக்ஸ் பெயர் இன்டெல் யூஹெச்டி என்று இருந்தது. இரண்டாவது மாட்டியதும் ஐரிஸ் எக்ஸ்இ என்று மாறிவிட்டது. மாயம் ஒன்றும் இல்லை. இந்த கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ரேமுக்குப் போகும் இரண்டு பாதையும் (சேனல்) இருந்தால்தான் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரையே இன்டெல் தருகிறது, வேகமும் அப்போதுதான் கிடைக்கும். அட்டைப்பெட்டியில் ஐரிஸ் எக்ஸ்இ என்று போட்டு உள்ளே ஒற்றை ரேமோடு விற்கிற லேப்டாப்புகள் நிறைய உண்டு. வாங்கியவர் கடைசிவரை பாதி கிராஃபிக்ஸோடுதான் ஓட்டிக்கொண்டிருப்பார்.

அடுத்து ஏஐ. அல்ட்ரா மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி, "இது ஏஐ லேப்டாப்" என்று தம்பி அழுத்திச் சொன்னார். அதில் ஏஐ கணக்குக்கென்றே என்பியு என்று ஒரு தனிப் பகுதி இருப்பது உண்மை. ஆனால் மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்த கோபைலட் பிளஸ் என்ற ஏஐ லேப்டாப் வகைக்கு என்பியு மட்டும் 40 டாப்ஸாவது (நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு) தர வேண்டும். 125ஹெச்சில் இருப்பது 11 டாப்ஸ் அளவுதான். அந்த வரிசையில் இது சேராது. என் வேலையில் ஏஐ என்று நான் உபயோகிப்பது ஜெனரேட்டிவ் ஃபில். தலைப்பாகை பாதியில் வெட்டுப்பட்ட படம், ஒரு தோள் மட்டும் விழுந்த படம் என்று வருவதையெல்லாம் அதுதான் நிரப்பித் தருகிறது. அந்த வேலை நடப்பது அடோப் கம்பெனியின் சர்வரில். இன்டர்நெட் ஓடினால் என் பழைய 7200யூவிலும் ஓடும். ஊரில் லைன் போய்விட்டால் 74,000 ரூபாய் லேப்டாப்பும் கையைப் பிசைந்துகொண்டுதான் இருக்க வேண்டும்.

சூட்டையும் யோசித்தேன். என் கடைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஏசி கிடையாது. கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு மேசையே சுடும். எந்தச் சிப்பும் சூடேறினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதிக வாட் குடிக்கிற சிப் அதிகச் சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும், அதற்கு நல்ல ஃபேனும் வெப்பக் குழாயும் வேண்டும். மெல்லிய உடம்புக்குள் ஹெச் சிப்பை வைத்தால் 115 வாட் என்பது சில நொடி விருந்துதான். கடை ஏசியிலேயே அந்த ப்ளர் ஓடும்போது அல்ட்ராவின் ஃபேன் இரைந்தது பக்கத்து மேசை வரை கேட்டது. ஒரே சிப் ஒரு லேப்டாப்பில் வேகமாகவும் இன்னொன்றில் மந்தமாகவும் ஓடுவதற்கு இதுதான் காரணம். எத்தனை வாட் வரை விடலாம் என்று லேப்டாப் கம்பெனிதான் முடிவு செய்கிறது, அது பெட்டி மேல் எழுதியிருக்காது.

இவ்வளவு பார்த்த பிறகு 1335யூவை எடுத்தேன். கூட மாட்டிய 8 ஜிபி ரேம் 2,000 ரூபாய். அதோடு 9,500க்கு 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று. எல்லாம் சேர்த்து 63,000. அல்ட்ராவைவிட 11,000 குறைவு.

மானிட்டர் ஏன் என்று கேட்கலாம். டிசைன் வேலை செய்கிறவர்களுக்கு ப்ராசஸரைவிட இதுதான் முக்கியம் என்பேன். இந்த விலை லேப்டாப்புகளின் விவரத் தாளில் 45% என்டிஎஸ்சி என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். திரை காட்டக்கூடிய நிறங்களின் பரப்பு அது. படங்களுக்கான பொது நிற அளவான எஸ்ஆர்ஜிபி முழுதாகத் தெரிய ஏறக்குறைய 72% வேண்டும். 45% திரையில் குங்குமச் சிவப்பு செங்கல் மாதிரி தெரியும். அதை நம்பிச் சிவப்பை ஏற்றினால் பிரிண்டில் அடித்துக்கொண்டு வரும். நான் பார்த்த மூன்றில் முதல் இரண்டும் 45%தான். அல்ட்ராவின் திரை நன்றாக இருந்தது, அந்த 22,500இல் திரைக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் 15.6 அங்குலத்தில் 20 அடி ஃப்ளெக்ஸைப் பார்ப்பதைவிட 24 அங்குலத்தில் பார்ப்பது என் கழுத்துக்கு நல்லது.

கடையில் இன்னும் இரண்டு ஆசை காட்டினார்கள். ஒன்று ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 7520யூ சிப் போட்ட லேப்டாப், விலை எல்லாவற்றையும்விடக் குறைவு. 7520 என்ற எண் அதே கம்பெனியின் பழைய 5625யூவைவிடப் பெரிது, ஆகவே புதிது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஏஎம்டியின் அந்த வரிசையில் முதல் எண் வருஷத்தை மட்டும் சொல்லும், உள்ளே எந்தத் தலைமுறை வடிவமைப்பு என்பதை மூன்றாவது எண்தான் சொல்லும். 7520இல் அது 2, அதாவது ஸென் 2 என்ற பழைய வடிவமைப்பு, நான்கு கோர். பெயரில் பழசான 5625யூ ஸென் 3, ஆறு கோர். பழைய எண்தான் நல்ல சிப்! 7530யூ என்றால் மூன்றாவது எண் 3, அது சரி, அதைத் தாராளமாக வாங்கலாம். இன்னொன்று ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப். பேட்டரிக்குப் பெயர் வாங்கியது. ஆனால் அது ஆர்ம் வகை, இன்டெல், ஏஎம்டி சிப்புகளிலிருந்து வேறு. வழக்கமான மென்பொருளை மொழிபெயர்த்து ஓட்டிவிடும், கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருளை அப்படி ஓட்டாது. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். என்னிடம் இருக்கும் ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் கிழவனுக்கு யார் புது டிரைவர் எழுதப்போகிறார்கள்?

அல்ட்ராவுக்கு 22,500 கொடுப்பது யாருக்கு நியாயம் என்றும் சொல்கிறேன். கல்யாண வீடியோ எடிட் செய்கிற என் மச்சான் ஒருவன் இருக்கிறான். நான்கு மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுத் தூங்கப் போகிற ஆள். அங்கே எல்லாக் கோரும் மணிக்கணக்கில் உழைக்கின்றன, ஆர்க் கிராஃபிக்ஸும் உதவும், ஏவி1 என்ற வீடியோ வடிவத்தில் எழுதவும் அதில் வசதி இருக்கிறது. அவன் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஹெச் சிப் வாங்கு என்பேன். ஆனால் கொஞ்சம் தடிமனான, ஃபேன் நல்ல மாடலாகப் பார்த்து. இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிற தங்கச்சி மகனுக்கும் அப்படித்தான் சொன்னேன். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, வர்ச்சுவல் மெஷின் என்று ஓட்டப்போகிறவனுக்கு நான்கு வருஷம் தாங்க வேண்டும். டேலி, எக்ஸெல், ஜிஎஸ்டி ஃபைலிங், டிடிபி வேலை என்று இருப்பவர்கள் அந்தப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

வாங்கியதில் குறை இல்லாமல் இல்லை. வெப்கேம் சுமார். ஸ்பீக்கர் தகர டப்பா. சார்ஜரைப் பிடுங்கினால் ஃபோட்டோஷாப் கொஞ்சம் தொய்கிறது. சேமிக்க நேரம் எடுப்பதற்கு ஒரு வழி இருக்கிறது: ஃபோட்டோஷாப் ப்ரிஃபரன்ஸில் ஃபைல் ஹேண்ட்லிங் பக்கத்தில் பிஎஸ்டி, பிஎஸ்பி கம்ப்ரஷனை நிறுத்திவிடலாம். ஃபைல் பெரிதாகும், ஆனால் சட்டென்று சேமிக்கும். 512 ஜிபி சீக்கிரம் நிரம்பும் என்பதால் முடிந்த வேலைகளை வெளி ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறேன்.

1335யூ போட்ட எல்லா லேப்டாப்பையும் இப்படி ஏற்றிக்கொள்ள முடியாது. சில மாடலில் ரேம் போர்டிலேயே பற்றவைத்து வரும், 8 ஜிபி என்றால் ஆயுசுக்கும் 8 ஜிபி. நான் பார்த்த அந்த அல்ட்ராவிலும் 16 ஜிபி பற்றவைத்ததுதான். காலி ஸ்லாட் உண்டா, மொத்தம் எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்று கேட்டு, முடிந்தால் பணம் கட்டுவதற்கு முன்பு மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரேமையும் கடையிலேயே மாட்டி, பில்லில் தனி வரியாகப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு வாரண்டிக்குப் போகும்போது மூடியைத் திறந்தது யார் என்ற பேச்சு வராது.